ஸ்பூனில் நான்கு பள்ளங்கள்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு கான்சல் ஸேகல்கன் ஒரு வெள்ளி ஸ்பூனை மேசைமீது வீசியெறிந்தார். அது மசிக்கூட்டில் மோதி, எகிறி, மேட்டாவின் மடியில் வந்து விழுந்தது.

"ரொம்ப நன்றி, வச்சுக்கறேன்," என்றாள் மேட்டா.

"மேட்டா!" என்று அதட்டினார் துப்பறியும் டீர்க்சன்.

"அவராத்தான் குடுத்தார், சார்."

பிரேமன் நகரத்தில் டீர்க்சனின் துப்பறியும் அலுவலகம் என்பது ஒன்றரை அறை, ஒரு டைப்ரைட்டர், ஒரு மேட்டா. டீர்க்சனுக்கு ஐம்பது வயது. ஒல்லியான மனிதர். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரிந்துபோன வீடுகளைச் சுற்றிப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று சொல்வதுதான் வேலை. பேச்சு குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கடவுள் தன்னை அனுப்பி வைத்திருப்பதாக மேட்டா சொல்லிக்கொள்வாள். அவளுக்கு இருபத்தாறு வயது, வாய்க்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

கான்சல் ஸேகல்கனை அறியாதவர்கள் ஊரில் இல்லை. எழுநூறு பேர் வேலை செய்யும் வெள்ளிச் சாமான் தொழிற்சாலையின் முதலாளி. தென் அமெரிக்காவில் எங்கேயோ இருக்கும் ஒரு குட்டி நாட்டுக்கு கௌரவ கான்சல். அந்த நாடு மேப்பில் எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் அவருக்கு மீசை துடிக்கும்.

"இது என்னோட ஸ்பூன்," என்றார் கான்சல். "நாளைக்கு ஆரம்பிக்கிற கண்காட்சியில நாங்க வைக்கப்போற புது செட். ஆறு மாசமா ஒரு ஈ, காக்காய்க்குத் தெரியாம வச்சிருந்தோம். நேத்து சாயங்காலம் பார்த்தா, எதிர்க்கம்பெனிக்காரன் ஆல்பிராண்ட் அவன் கடை ஜன்னல்ல பட்டுத்துணி போட்டு உட்கார வச்சிருக்கான்! இதையே அங்கதான் காசு குடுத்து வாங்கிட்டு வர்றேன். இனிமே நாங்க வச்சா, நாங்கதான் காப்பியடிச்சோம்னு ஊரே சிரிக்கும்."

"யார் மேல சந்தேகம்?" என்றார் டீர்க்சன்.

"சந்தேகம் என்ன சந்தேகம்? வரைஞ்சவளேதான் வித்திருக்கா. தேக்ளா ரோடே. மார்ச் மாசம் வந்து நின்னா. கேட்லாக்குல தன் பேரைப் போடணுமாம். வெள்ளியில நம்ம முத்திரைக்குப் பக்கத்துல அவ பேரும் இருக்கணுமாம். எங்க அப்பா காலத்துலேருந்து இந்த வீட்டுப் பேரைத் தவிர வேற பேர் வெள்ளியில ஏறினதில்ல, போம்மான்னேன். அந்தக் கோவத்துல எதிராளிகிட்ட தாளைக் குடுத்துட்டா."

"ஆதாரம்?"

"அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கேன்!"

கான்சல் கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஜெர்மனியில் இருக்கும் முப்பத்தோரு வெள்ளித் தொழிற்சாலைகளுக்கும் அனுப்ப வேண்டிய கடிதம். தேக்ளா ரோடே வடிவங்களைத் திருடி விற்றவள், யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம் என்று நான்கே வரி. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"ஆறு மணித் தபால்ல இது போகுது. அதுக்குள்ள நீங்க ஆதாரம் கொண்டு வந்தா, அதையும் ஒரு வரி சேர்த்துக்கறேன்."

மேட்டாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கடிதம் போனால் அந்தப் பெண் இனி இந்த நாட்டில் பென்சில் பிடித்துப் பிழைக்க முடியாது.

"ஆல்பிராண்ட்!" என்று பல்லைக் கடித்தார் கான்சல். "முதல்ல என் வீட்டுப் பொண்ணைக் கொண்டுபோனான். இப்ப என் ஸ்பூனை." அவருடைய ஒரே மகள் அடலீனா இரண்டு வருடம் முன்பு ஆல்பிராண்டின் மகனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து கான்சல் அவள் பெயரைக்கூட உச்சரித்ததில்லை என்பது ஊரறிந்த கதை. இன்றும் உச்சரிக்கவில்லை. "இன்னொண்ணு. மூணு மணிலேருந்து நாலரை வரைக்கும் என்னைத் தேடாதீங்க. புதன்கிழமை எனக்குத் தூதரக வேலை."

தேக்ளாவின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. மேசையில் கிடந்த பென்சில்களை ஒவ்வொன்றாக ஒரு பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். சாம்பல் நிற ஏப்ரன், அழுது முடித்த கண்கள்.

"நீங்கதான் ஆதாரம் தேட வந்தவங்களா? தேடுங்க. மேசை டிராயர் கொஞ்சம் இறுகும், இழுத்துத் திறக்கணும்."

"அம்மணி, எங்க சார் பார்க்கத்தான் பிணம் தூக்கறவர் மாதிரி இருப்பார். நல்ல மனுஷன்," என்றாள் மேட்டா.

டீர்க்சன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நீங்க வரைஞ்ச தாளைப் பார்க்கலாமா?"

தேக்ளா பீரோவைத் திறந்து ஒரே ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தாள். சூப் ஸ்பூன், ஃபோர்க், கத்தி, மீன் கத்தி, குழம்புக் கரண்டி என்று இருபத்திநான்கு சாமான்கள். பூ இல்லை, கொடி இல்லை, சிங்கமுகம் இல்லை. ஒவ்வொன்றும் கைக்குள் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி வளைந்து, அதோடு நின்றுவிட்டது.

"மொட்டையா இருக்கே," என்றாள் மேட்டா.

"கான்சலும் அதையேதான் சொன்னார். லில்லிப்பூ போடுன்னார். லில்லிப்பூவால சூப் குடிக்க முடியாது, சார்னு சொன்னேன். மூணு மாசம் சண்டை போட்டுத்தான் சம்மதிக்க வச்சேன்." தேக்ளா தாளின் ஓரத்தை நீவினாள். "என் வாழ்க்கையில நான் செஞ்ச உருப்படியான காரியம் இது ஒண்ணுதாங்க. இதை நானே விப்பேனா?"

"எல்லாம் இந்த ஒரே தாள்லதானா?" என்றார் டீர்க்சன்.

"ஒரே தாள்தான். அச்சு வெட்டற பட்டறைக்கும் இதுதான் போகும், வரும்."

டீர்க்சன் மேட்டாவின் பக்கம் திரும்பினார். "நேத்து ஆல்பிராண்ட் கடை ஜன்னலுக்கு முன்னாடி இருபது நிமிஷம் நின்னேன்னியே. ஸ்பூனுக்குப் பக்கத்துல என்ன இருந்தது?"

"ஃபோர்க், கத்தி. சகிக்கல சார். ஸ்பூன் இப்படி மொழுமொழுன்னு இருக்கா? ஃபோர்க்குல அல்லிக்கொடி ஏறுது. கத்தியில மயில். மூணையும் பக்கத்துல வச்சா ஒரு வயித்துல பிறந்ததுன்னு சொல்லவே முடியாது."

சொல்லி முடிக்கும்போதே மேட்டாவுக்கு உறைத்தது. "அடேடே!"

"தாள் கையில கிடைச்சவன் இருபத்திநாலையும் எடுத்திருப்பான்," என்றார் டீர்க்சன். "அல்லிக்கொடிக்கு அவசியமே இருந்திருக்காது. ஆல்பிராண்டுக்குக் கிடைச்சது தாள் இல்ல. ஒரே ஒரு ஸ்பூன்."

தேக்ளா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மேட்டா காலையில் மடியில் விழுந்த ஸ்பூனை எடுத்து, தாளில் வரைந்திருந்த ஸ்பூன் மேல் வைத்தாள். அச்சு அசலாக இருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர. குழியின் விளிம்பு ஓரமாக, உள்பக்கம் இரண்டு, அடிப்பக்கம் இரண்டு, மொத்தம் நான்கு குட்டிப் பள்ளங்கள்.

"இது உங்க தாள்ல இல்லையே?"

"அதுதான் எனக்கும் புரியல. அதைத்தான் இன்னிக்குப் பேப்பர்ல தலையில தூக்கி வச்சு ஆடறாங்க." தேக்ளா மேசையிலிருந்த செய்தித்தாளைத் தள்ளினாள். கலை விமர்சகர் ஒருவர் உருகியிருந்தார். ஆல்பிராண்டின் 'பனித்துளி' ஸ்பூனில் உள்ள நான்கு சுத்தியல் முத்தங்கள் இந்த நூற்றாண்டின் புதிய ஆன்மாவாம். "வெள்ளின்னா இப்ப சுத்தியல் தழும்பு தெரியணும், அதுதான் ஃபேஷன். ஆனா சுத்தியல் தழும்புன்னா உடம்பு பூரா இருக்கும். ஓரத்துல நாலு மட்டும் ஏன்?"

"எலி கடிச்ச மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு மேட்டா ஸ்பூனை வாயில் வைத்துப் பார்த்தாள். பள்ளங்கள் அவள் பல்லுக்கு மிகச் சின்னவை. வாயிலிருந்து எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"சார், எங்க அக்காவுக்கு ஆறு பிள்ளைங்க. அவ வீட்ல ஒரு மர ஸ்பூன் பாக்கியில்ல. எல்லாத்துலயும் இதே நாலு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. இது சுத்தியலும் இல்ல, முத்தமும் இல்ல. பல்லு முளைக்கிற குழந்தை!"

டீர்க்சன் ஸ்பூனை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வருவது வருடத்துக்கு இரண்டு தடவைதான். அதில் ஒன்று இப்போது வந்தது.

"வெள்ளியில குழந்தைப் பல் பதியாதே," என்றார்.

"வெள்ளியில பதியாது," என்றாள் தேக்ளா மெதுவாக. "வெள்ளீயத்துல பதியும்."

அவளுடைய வேலைமுறை அப்படி. இரும்பில் அச்சு வெட்டுவதற்கு முன்னால் வெள்ளீயத்தில் சாமான்களை வார்த்து, சாப்பிடக் கொடுப்பாள். மெத்தென்ற உலோகம். ஒரு மாதம் புழங்கினால் எங்கே கை அழுத்துகிறது, எங்கே வளைகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பிப்ரவரியில் மூன்று பேருக்குக் கொடுத்தாள். கான்சலுக்கு ஒன்று. தலைமைக் குமாஸ்தா ஸ்டூர்மனுக்கு ஒன்று. அச்சுப் பட்டறை மேஸ்திரி பூஃபோகலுக்கு ஒன்று. மார்ச் கடைசியில் மூன்றும் திரும்பி வந்துவிட்டன.

பெட்டியைக் கவிழ்த்தாள். மூன்று வெள்ளீய ஸ்பூன்கள் உருண்டன. இரண்டில் கீறலும் நெளிவும். மூன்றாவது, பிறந்த மேனிக்குப் பளபளவென்று இருந்தது.

"யாரோ சோம்பேறித்தனமா உபயோகிக்கவே இல்லைன்னு நினைச்சேன்."

"இது அந்த ஸ்பூன் இல்ல," என்றார் டீர்க்சன். "அந்த ஸ்பூன் தொலைஞ்சு போச்சு. தொலைச்சவங்க புதுசா ஒண்ணு வார்த்துப் போட்டிருக்காங்க. யாரோடது இது?"

"பேர் எழுதி வைக்கலையே. மூணையும் ஒரே நாள்ல கொண்டு வந்து கொட்டிட்டாங்க."

பட்டறையில் மேஸ்திரி பூஃபோகல் காது கேட்காதவர் போல் நடித்தார். அறுபத்தேழு வயது. அவரைத் தாண்டி அந்தப் பட்டறையில் ஒரு துளி ஈயம் உருகாது.

"புதுசா ஸ்பூனா? நான் வார்க்கலையே."

"அப்ப யார் வார்த்தா?" என்றாள் மேட்டா.

"தானா உருகி, தானா வார்ந்திருக்கும்."

"மேஸ்திரி, ஒரு பொண்ணோட பொழப்பு போகுது இன்னிக்கு."

மேஸ்திரியின் அரம் நின்றது. எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "யாருக்கும் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன், பொண்ணே. என்னால இவ்வளவுதான் முடியும். என் வீட்ல பொடிசு கிடையாது. என் கடைசிப் பையனே பட்டாளத்துல இருக்கான்."

வெளியே வந்ததும் மேட்டா விரல் விட்டு எண்ணினாள். "மேஸ்திரி இல்ல. கான்சல் வீட்ல அவரும் அவர் மீசையும்தான். ஸ்டூர்மன் பிரம்மச்சாரி, வாடகை வீட்டுக்காரம்மாவோட பூனையைப் பார்த்தாலே ஒதுங்கிப் போறவர். மூணு பேர் வீட்லயும் பல்லே இல்லையே, சார்!"

"பல்லு முளைச்சா எங்க போவாங்க?"

"பல்லு வலிச்சாத்தான் எங்கயாவது போவாங்க. முளைச்சா..." மேட்டா நின்றாள். "மருந்துக் கடை! ஊதாப்பூ வேர்!"

பல் முளைக்கும் குழந்தைக்குக் கடிக்கக் கொடுக்கும் அந்த வேரைத் தொழிற்சாலைக்கு எதிரேயே விற்றார்கள். மருந்துக்கடைக்காரர் டீர்க்சனைக் கண்டுகொள்ளவில்லை, மேட்டாவிடம் மட்டும் குழைந்தார்.

"வேரா? இந்தத் தெருவுல யாருக்குங்க குழந்தை இருக்கு? எல்லாம் ஆபீஸ். ஆங், ஒருத்தர் வாங்குவார். பிப்ரவரில ஒண்ணு, மார்ச்ல ஒண்ணு. சீமைச் சோம்புத் தண்ணி வேற. நான்கூட வாயைக் கிளறிப் பார்த்தேன். முகம் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு, பாவம்."

"யாரு?"

"நம்ம ஸ்டூர்மன் சார்தான்."

மேட்டா கடைக்கு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்டூர்மன்! காலரில் கஞ்சி குறைந்தால் வீட்டுக்குத் திரும்பிப் போகிற ஸ்டூர்மன்! "பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்ன காரியம் பண்ணியிருக்கார் பாருங்க சார். எங்கயோ ஒரு குடும்பம் வச்சிருக்கார்."

"இருக்கலாம்," என்றார் டீர்க்சன். அவர் சிரிக்கவில்லை. "மணி என்ன?"

இரண்டே முக்கால். அதே நேரம் தொழிற்சாலைக் கதவு திறந்து, கையில் குடையோடு ஸ்டூர்மன் வெளியே வந்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், ஓடிப்போய் டிராமில் ஏறினார். மேட்டா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பெட்டியில் தாவினாள். டீர்க்சன் தொப்பியைத் தெருவில் விட்டுவிட்டு அவள் பின்னால் தாவினார்.

ஸ்டூர்மன் இறங்கியது நகரப் பூங்காவில். மே மாதம், ரோடோடென்ட்ரான் புதர்கள் ஆளுயரத்துக்குப் பூத்துக் கிடந்தன. ஏரிக்கரைக் காபிக் கடையைத் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத ஒரு திருப்பத்தில் போய் அவர் நின்றார். குடையை விரித்தார். உட்காரவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில் ஒரு தம்பதி வந்ததும் உதட்டைக் குவித்து ராணுவ பாண்டு வாத்திய மெட்டு ஒன்றைச் சீட்டியடித்தார். தம்பதி வேறு பக்கம் திரும்பியதும் சீட்டி நின்றது.

"குடும்பம் நடத்தறவர் மாதிரி தெரியலையே," என்று கிசுகிசுத்தாள் மேட்டா. "காவல் காக்கற மாதிரியில்ல இருக்கு?"

"யாருக்குன்னு பார்ப்போம்."

இருவரும் பின்பக்கமாகப் புதரைச் சுற்றிக்கொண்டு, கடைசிக் கிளையை விலக்கினார்கள்.

புல்தரையில் ஒரு குழந்தை வண்டி. பக்கத்துப் பெஞ்சில் நீலத் தொப்பி அணிந்த இளம்பெண். வண்டிக்குள் ஒரு வயதுப் பையன். அவன் தலையில், கண்ணை மூடும் அளவுக்கு, பெரியவர்கள் போடும் ஒரு பட்டுத் தொப்பி. வண்டிக்கு முன்னால், விரித்த செய்தித்தாளின் மேல் முழங்காலிட்டு, ரவைக் கஞ்சியைக் கொம்பு ஸ்பூனில் எடுத்து ஆகாயத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரிய மனிதர்.

"செப்பலின் ஆகாயக் கப்பல் வருது, செப்பலின் வருது... கொட்டாயைத் திற, கொட்டாயைத் திற... இறங்கிருச்சு! என் ராஜா!"

கஞ்சி மீசையில் ஒழுகியது. அது கான்சல் ஸேகல்கனின் மீசை.

மேட்டா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அவள் வாய் தானாக மூடிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. டீர்க்சன் புதரிலிருந்து வெளியே வந்து, தலையில் இல்லாத தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

"தூதரக வேலையைக் கெடுத்துட்டேன், மன்னிக்கணும்."

கான்சல் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பெஞ்சிலிருந்த பெண் எழுந்து அவருக்குக் கை கொடுத்தாள். "மெதுவா, அப்பா."

அடலீனா. இரண்டு வருடமாக அவர் உச்சரிக்காத பெயர்.

"ஸ்டூர்மன்!" என்று கர்ஜித்தார் கான்சல். "சீட்டி எங்கய்யா?"

"இவங்க புதர் வழியா வந்தாங்க, கான்சல் சார்," என்று குடைக்குள்ளிருந்து அழாக்குறையாகக் குரல் வந்தது. "புதருக்கு நமக்கு ஏற்பாடு இல்லையே."

டீர்க்சன் பெஞ்சில் உட்கார்ந்தார். "மார்ச்ல ஒருநாள் உங்க வெள்ளீய ஸ்பூன் தொலைஞ்சுபோச்சு. மேஸ்திரிகிட்ட வாக்கு வாங்கிக்கிட்டு வேற ஒண்ணு வார்த்துப் போட்டீங்க. சரிதானே?"

"பேரனுக்கு வெள்ளி ஸ்பூன் குடுக்காம வெள்ளீயத்தையா குடுப்பாங்க?" என்றாள் மேட்டா. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வெள்ளின்னா நம்ம முத்திரை இருக்கும்," என்றார் கான்சல் ஈனக்குரலில். "ஞானஸ்நானத்துக்கு நான் போகல. ஸ்பூனும் அனுப்பல. ஆல்பிராண்ட் வீட்டுக்குள்ள என் முத்திரை எப்படிப் போகும்? வெள்ளீயத்துல முத்திரை கிடையாது. சூப் குடிச்சதை அப்படியே துடைச்சுப் பையில போட்டுக்கிட்டு வருவேன். அவனுக்கு அதுதான் பிடிச்சுது. கடிச்சுக்கிட்டே இருப்பான். அப்ப நாலு பல்லு. இப்ப ஏழு." கடைசி வார்த்தையில் அவரையறியாமல் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது.

"கையிலேருந்து விடவே மாட்டேன்னான்," என்றாள் அடலீனா. "கம்பளிக்குள்ள அப்படியே வீட்டுக்கு வந்துடுச்சு. சாப்பாட்டு மேசையில என் மாமனார் பார்த்துட்டார். வெள்ளிக்காரர் இல்லையா, வடிவத்தைப் பார்த்ததுமே கண்ணு விரிஞ்சுது. புள்ள வாயிலேருந்து பிடுங்கிக்கிட்டுப் போனார். அதோட அந்த ஸ்பூனை நான் பார்க்கல. நேத்து ஜன்னல்ல பார்த்தேன், நாலு பல்லோட. சொன்னா புதன்கிழமை நின்னுபோயிடும்னு பயந்துட்டேன்."

மேட்டாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. குழந்தை கடித்த தடத்தை ஆல்பிராண்ட் கலை என்று நினைத்து, ஒன்று விடாமல் எல்லா ஸ்பூனிலும் அடித்து வைத்திருக்கிறார்! நூற்றாண்டின் ஆன்மா வண்டியில் உட்கார்ந்து ஏப்பம் விட்டது.

ஆனால் டீர்க்சன் கான்சலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களும் நேத்து ஜன்னல்ல பார்த்தீங்க. அந்த நாலு பள்ளத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

கான்சல் பேரன் தலையிலிருந்த தன் தொப்பியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அதில் துடைக்க எதுவும் இல்லை.

"தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு நினைச்சேன்," என்றார் கடைசியில்.

"அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டீங்க. அந்தப் பொண்ணுதான்னு நான் வந்து சொல்லிட்டா, நீங்களும் நிம்மதியா நம்பிடலாம்."

மேட்டாவின் சிரிப்பு வடிந்தது. இப்போது அவளுக்கு ஆத்திரம் வந்தது. "கான்சல் சார், உங்களுக்கு வாரத்துல ஒன்றரை மணி நேரம். அதுக்காக அவங்க ஆயுசு பூரா தெருவுல நிக்கணுமா? மூணாவது மாடியில உட்கார்ந்து பென்சிலை எண்ணிக்கிட்டிருக்காங்க."

"நான் என்னம்மா பண்ணட்டும்?" கான்சல் வெடித்தார். "ஸ்பூன் எப்படிப் போச்சுன்னு சொன்னா, நான் இங்க வர்றதையும் சொல்லணும். ஊர் சிரிக்கும். அதுகூடப் பரவாயில்ல. ஆல்பிராண்டுக்குத் தெரிஞ்சா அடுத்த புதன்கிழமை இந்த வண்டி வாசப்படி தாண்டாது!"

"அப்பா," என்றாள் அடலீனா, "என் மாமியாருக்குக் கிறிஸ்துமஸ்லேருந்தே தெரியும். இந்த ரவைக் கஞ்சியை யார் காய்ச்சறதுன்னு நினைச்சீங்க? காபிக் கடைக்காரருக்குத் தெரியும். டிராம் கண்டக்டருக்குத் தெரியும். எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஊர்லயே ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணு என் மாமனார். இன்னொண்ணு, எல்லாருக்கும் தெரியும்ங்கறதே தெரியாம இருந்த நீங்க."

கான்சல் ஸ்டூர்மனைப் பார்த்தார். ஸ்டூர்மன் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கான்சல் கோட்டுப் பையிலிருந்த கடிதத்தை எடுத்தார். நான்காகக் கிழித்தார். பேரன் ஒரு துண்டைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

ஆறு மணிக்குக் கால் மணி முன்னதாக, தேக்ளா பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, கான்சல் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். பின்னால் டீர்க்சனும் மேட்டாவும். மேட்டா நடந்ததையெல்லாம் படிக்கட்டு ஏறி முடிக்கும் முன்பே மாடியெல்லாம் கேட்கும்படி சொல்லிவிட்டிருந்தாள்.

கான்சல் தொண்டையைச் செருமினார். "அந்தக் கடுதாசி... கிழிச்சாச்சு."

"சந்தோஷம்," என்றாள் தேக்ளா. பூட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நாளைக்கு நம்ம செட் கண்காட்சிக்குப் போகுது. நீங்க வழக்கம்போல வேலைக்கு வரலாம்."

"அந்த ஸ்பூன் ஆல்பிராண்டோடதுன்னு பேப்பர்ல வந்ததுக்கு யார் பதில் சொல்றது? நான் வித்துட்டதா நேத்திலேருந்து தொழிற்சாலை பூரா பேசறாங்களே, அதுக்கு?"

கான்சல் டீர்க்சனைப் பார்த்தார். டீர்க்சன் கூரையைப் பார்த்தார். மேட்டா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசைமேல் ஒரு தாளை வைத்து, மையைத் தொட்டுப் பேனாவை நீட்டினாள். "ஏழு மணி வரைக்கும் பேப்பர் ஆபீஸ் திறந்திருக்கும், கான்சல் சார். நான் வேகமா ஓடுவேன்."

அவர் உட்கார்ந்து எழுதினார். ஸ்பூன் எங்கள் வீட்டு வெள்ளீய மாதிரி. அதிலுள்ள நான்கு பள்ளங்கள் என் பேரனின் பற்கள். பேரன் என்ற வார்த்தையை எழுதிவிட்டு ஒரு கணம் நிறுத்தி, அதன் அடியில் கோடு போட்டார். வடிவமைப்பு, ஸேகல்கன் தொழிற்சாலை.

"இல்ல," என்றாள் தேக்ளா.

பேனா நின்றது. கான்சலின் மீசை ஒருமுறை துடித்தது. அவர் தொழிற்சாலையின் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். தேக்ளா ரோடே என்று எழுதினார். பழைய பள்ளிக்கூடத்து அழகான கையெழுத்து. முதல் எழுத்தின் தலையில் ஒரு கொடி, கடைசி எழுத்தின் வாலில் இரண்டு சுருள், அடியில் ஒரு நீண்ட அலை. நாற்பது வருடமாக அவர் தன் சொந்தப் பெயருக்கு மட்டும் போட்டுவந்த அலங்காரம் அது. எழுதிவிட்டு, மன்னிப்புக் கேட்க வாய் வராதவர் நிமிர்ந்து பார்ப்பது போல அவளைப் பார்த்தார்.

தேக்ளாவின் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, தாளை எடுத்து, கொஞ்ச தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கொடி வேண்டாம், கான்சல் சார்," என்றாள். "சுருளும் வேண்டாம். பேர் மட்டும் போதும்."

கான்சல் பெருமூச்சு விட்டு, இன்னொரு தாளை எடுத்து, முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.